தேரி மண்ணை வண்ணமாக்கி, தேரியையும் கடலையும் வரைவோம்

காயாமொழி, மெஞ்ஞானபுரம் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் அந்தச் சிவப்பை மறந்திருக்க மாட்டார்கள். வெயில் சாயும் நேரத்தில் மண்மேடு முழுக்கத் தணல் மாதிரி கிடக்கும். நடுவே பனையும் உடைமரமும் கொல்லாமரமும் மண்ணில் பாதி புதைந்து நிற்கும். தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காடு அது. அந்தச் சிவப்பைக் கடையில் வாங்கிய வாட்டர்கலரில் பிடிக்கப் பார்த்துப் பல வருடம் தோற்றவன் நான். பர்ன்ட் சியன்னா போட்டால் செங்கல் சூளை மாதிரி வரும். லைட் ரெட் போட்டால் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி வரும். ஒருநாள் செருப்பில் ஒட்டி வந்த மண், கழுவிவிட்ட ஈரத் திண்ணையில் இழுபட்டு ஒரு கோடு விழுந்தது. நான் தேடிய நிறம் அதுதான். அதற்கப்புறம் கடைக்குப் போகவில்லை, மண்ணையே கரைக்க ஆரம்பித்துவிட்டேன்.

இதுவரை வண்ணம் செய்தே பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன். மண்ணைக் கழுவி எடுக்க இரண்டு மூன்று நாள் ஆகும். அதில் முக்கால்வாசி நேரம் வாளிதான் வேலை செய்யும், நீங்கள் சும்மா இருக்கலாம். வண்ணம் அரைக்க ஒரு சாயங்காலம் போதும். கடைசியில் தேரிக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என இரண்டு படம் வரைவோம். கடலுக்கு நீல வண்ணம் வாங்க வேண்டாம். அது எப்படி என்று அந்த இடத்தில் சொல்கிறேன்.

மண்ணில் நமக்கு வேண்டியது எது?

தேரி மணலின் பெரும்பாலான துகள்கள் நிறமில்லாத குவார்ட்ஸ். அவற்றின் மேல் இரும்பு ஆக்சைடு மெல்லிய தோலாகப் படிந்திருக்கிறது. அதில் ஹேமடைட் என்ற செந்நிற இரும்புத் தாது இருப்பதால்தான் இந்தச் சிவப்பு. ஆக நமக்கு மணல் வேண்டாம், அந்தத் தோலும் அதோடு கலந்திருக்கும் நுண்ணிய களிமண்ணும்தான் வேண்டும். இது புரிந்துவிட்டால் மற்ற வேலையெல்லாம் தானாகப் பிடிபடும். மணலை அப்படியே பொடித்துப் பசையில் குழைத்தால் காகிதத்தில் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும், நாலு நாளில் உதிர்ந்தும் போகும்.

இரும்பு ஆக்சைடு வெளிச்சத்தில் வெளுக்காது. விழுப்புரம் பக்கம் கீழ்வாலைப் பாறை ஓவியங்களின் சிவப்பு காவிதான். சித்தன்னவாசலில் 9-ஆம் நூற்றாண்டில் தீட்டிய தாமரைக் குளத்திலும் காவிச் சிவப்பு இருக்கிறது. நாம் கையில் எடுக்கப்போவது அந்தச் சாதிப் பொருள்தான். உங்கள் ஊரில் தேரி இல்லையென்றால் எந்தச் செம்மண்ணையும் இதே முறையில் செய்யலாம். நாட்டு மருந்துக் கடைக் காவிக்கட்டியும் ஆகும், ஆனால் இப்போது அந்தப் பெயரில் செயற்கை ஆக்சைடும் விற்கிறார்கள் என்பதால் எனக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை.

மண் எடுப்பது

குதிரைமொழித் தேரியில் காப்புக் காடு இருக்கிறது. அங்கே கை வைக்காதீர்கள். தேரியை ஒட்டிய தோட்டம் துரவுகளிலும் இதே மண்தான். சொந்தக்காரரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளலாம். நான் கேட்டபோது ஒரு பெரியவர், "இந்த ரெண்டு கை மண்ணுக்கா தம்பி கேட்டுக்கிட்டு நிக்கிய? லாரி லாரியா அள்ளுதவனே கேக்க மாட்டேங்கான்" என்றார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன்.

இரண்டு கிலோ எடுங்கள், ஒரு வருடத்துக்கு வரும். மேலாகக் காற்றில் பறந்து கிடக்கும் மண் வேண்டாம். அது வெறும் மணல்தான், பொடியைக் காற்று ஏற்கெனவே கொண்டுபோயிருக்கும். ஒரு சாண் தோண்டி, கையில் பிடித்தால் விரல் ரேகையில் சிவப்பு ஒட்டுகிற மண்ணாகப் பாருங்கள். ஈர விரலால் தொட்டு வெள்ளைக் காகிதத்தில் தேய்த்துப் பார்த்தால் போதும், தேறுமா தேறாதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

கழுவிப் பிரிப்பது

வண்ணம் நன்றாக வருவதும் கெடுவதும் இங்கேதான். அவசரப்படாதீர்கள்.

மண்ணை ஒரு வாளியில் போட்டு, அது மூழ்கி இரண்டு விரற்கடை மேலே நிற்கும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். அரிசி களைவது மாதிரி இரண்டு கையாலும் அழுத்தித் தேயுங்கள். பத்து நிமிடம் விடாமல் தேய்த்தால் துகளோடு துகள் உரசித் தோல் கழன்று தண்ணீர் ரத்தச் சிவப்பாகும். கை எரிந்தால் ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளலாம். பிறகு வாளி நிறையத் தண்ணீர் விட்டு, ஒரு கலக்குக் கலக்கி, முப்பது எண்ணுங்கள். மணல் அடியில் உட்கார்ந்துவிடும், சிவப்பு மட்டும் தண்ணீரில் மிதக்கும். அந்தச் சிவப்புத் தண்ணீரை வேட்டித் துணியில் வடிகட்டி இன்னொரு வாளிக்கு மாற்றுங்கள். அடியில் உள்ள மணலோடு மறுபடி தண்ணீர், மறுபடி தேய்ப்பு. நாலு தடவை செய்தால் மண்ணின் நிறம் கண்ணெதிரே வெளிறுவதைப் பார்க்கலாம். கடைசியில் அடியில் கறுப்பாகச் சில துகள்கள் தங்கும். அது இல்மனைட், கனமான தாது. நமக்கு ஆகாது. மணலோடு சேர்த்து எடுத்த இடத்திலேயே கொட்டிவிடுங்கள்.

முதல் தடவை இந்த வேலையை நான் வாசலில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தேன். எதிர்வீட்டு ஆச்சி ஒரு அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "ஏல, அரிசியில கல்லு அரிப்பாவ, நீ என்னல கல்லுல அரிசி அரிக்க?" என்றாள். வேலையை அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது.

சிவப்புத் தண்ணீரை ஒரு ராத்திரி அசையாமல் விடுங்கள். காலையில் மேலே தெளிந்த நீரை மெதுவாகச் சாய்த்து ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டுக் கலக்கி மறுபடி தெளியவிடுங்கள். கடலோர மண்ணில் உப்பு இருக்கும் என்பதால் இதை மூன்று முறையாவது செய்வது நல்லது. உப்புத் தங்கினால் படம் காய்ந்த பிறகு வெள்ளையாகப் பூத்து மேலே வரும். எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரே உப்புத்தான், அதனால் கடைசிக் கழுவலுக்குக் கேன் தண்ணீர். கடைசியில் அடியில் தங்கும் சேற்றைத் தட்டில் ஊற்றி நிழலில் காயவைத்தால் வெடித்து வெடித்துப் பட்டை பட்டையாகக் கிடைக்கும். இரண்டு கிலோ மண்ணுக்கு எனக்கு நாலைந்து மேசைக்கரண்டிப் பொடி தேறுகிறது.

ஒரு எச்சரிக்கை. காய்ந்த பட்டையை உலர்வாக இடித்துத் தூசி கிளப்பாதீர்கள். அதில் நுண்ணிய மணல் தூசி இருக்கும், நுரையீரலுக்குக் கெடுதல். எப்போதும் தண்ணீர் தெளித்தே அரையுங்கள்.

பிசின் கரைசல்

மண்ணைக் காகிதத்தோடு ஒட்டவைப்பது பிசின். கடையில் விற்கும் வாட்டர்கலரில் கம் அரபிக் என்ற வேல மரப் பிசின் இருக்கும். நமக்கு நாட்டு மருந்துக் கடைக் கருவேலம் பிசின் போதும். கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள். பிசின் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று நான் பாதாம் பிசினை வாங்கி வந்து ஊறப்போட்டேன். காலையில் சட்டி நிறைய ஜெல்லி! ஜிகர்தண்டாவுக்குத்தான் அது. பாதாம் பிசின் ஊதுமே தவிரக் கரையாது.

கருவேலம் பிசினைப் பொடித்து, ஒரு பங்குக்கு இரண்டு பங்கு சுடுதண்ணீர் சேர்த்து ஒரு ராத்திரி மூடிவையுங்கள். கொதிக்கவிட வேண்டாம். காலையில் பட்டை, தூசியெல்லாம் போகத் துணியில் வடிகட்டுங்கள். இந்தக் கரைசல் ஆறு தேக்கரண்டிக்குத் தேன் ஒரு தேக்கரண்டி, கிராம்புத் தைலம் இரண்டு சொட்டு. தேன் இருந்தால்தான் காய்ந்த வண்ணம் வெடிக்காமல், தூரிகை பட்டதும் கரையும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் தேனை இதற்கு மேல் கூட்டாதீர்கள், வண்ணம் காயவே காயாது. கிராம்புத் தைலம் பூஞ்சை பிடிக்காமல் இருக்க.

அரைப்பது

சித்த மருந்து அரைக்கிற கல்வம் கிடைத்தால் பாக்கியம். இல்லையென்றால் தடிமனான கண்ணாடித் துண்டும், அடிப்பாகம் தட்டையான கனத்த கண்ணாடித் தம்ளரும் போதும். வீட்டு அம்மி வேண்டாம், அப்புறம் வீட்டில் சட்னிக்குப் பதில் சண்டைதான் அரையும்.

இரண்டு தேக்கரண்டி மண்பட்டையைத் தண்ணீர் தெளித்துக் குழைத்து நடுவில் குழி பறித்து, அதே அளவு பிசின் கரைசலை ஊற்றுங்கள். வட்டம் வட்டமாக அரையுங்கள். ஆரம்பத்தில் நறநறவென்று சத்தம் வரும். கால் மணி நேரத்தில் அது சரசரப்பாகும். சத்தமே அடங்கி வழவழவென்று வழுக்கும்போது நிறுத்தலாம். நடுவில் இறுகினால் சொட்டுத் தண்ணீர்.

காகிதத்தில் ஒரு கோடு இழுத்துக் காயவிட்டு விரலால் தேயுங்கள். விரலில் சிவப்பு ஒட்டினால் பிசின் போதவில்லை. பளபளவென்று மின்னினாலோ வெடித்தாலோ பிசின் கூடிவிட்டது, கொஞ்சம் மண் சேருங்கள். சரியான வண்ணம் சாணம் மெழுகிய தரை மாதிரி மங்கலாகக் காயும்.

நான் மட்டிச் சிப்பியில் ஊற்றி வைக்கிறேன். கடற்கரையில் சும்மா கிடைக்கும், கைக்கு அடக்கமாகவும் இருக்கும். ஒரேயடியாக நிரப்பாமல் பாதி ஊற்றிக் காய்ந்த பிறகு மீதியை ஊற்றினால் விரிசல் விழாது.

கூடவே ஒரு கறுப்பு

தேரிச் சிவப்போடு ஒரே ஒரு துணை நிறம் வைத்துக்கொள்வோம்: சிரட்டைக் கரி. பழைய பால் பவுடர் டப்பாவில் சிரட்டைத் துண்டுகளைப் போட்டு மூடி, மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டு விறகடுப்பில் வையுங்கள். ஓட்டை வழியே வரும் புகை நின்றதும் எடுத்து, முழுசாக ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் கரி பற்றிக்கொண்டு சாம்பலாகிவிடும். இதை அரைக்கக் கொஞ்சம் பாடுபட வேண்டும். கரி தண்ணீரோடு ஒட்டாமல் மிதக்கும். இரண்டு சொட்டு சானிடைசர் விட்டால் அடங்கிவிடும். அதற்கப்புறம் அதே பிசின், அதே அரைப்பு.

நாலு பதம்

ஒரே வண்ணத்தில் தூரமும் பக்கமும் காட்ட வேண்டுமென்றால் தண்ணீர்தான் கணக்கு. புத்தகங்களில் இத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கும். எனக்கு அது மண்டையில் ஏறவில்லை. கருப்பட்டி காய்ச்சுகிறவர்கள் பதம் பார்க்கிற மாதிரி நான் நாலு பதம் வைத்திருக்கிறேன்: நீராகாரம், மோர், கூழ், பாகு. நீராகாரம் காகிதத்தில் பட்டதே தெரியாது. மோர் வெளுத்த ரோஜா நிறத்தில் காயும். கூழ் பதத்தில்தான் தேரி தேரியாகத் தெரியும். பாகு கிட்டத்தட்டக் கல்வத்தில் இருந்தபடியே, தூரிகை நுனியில் மட்டும். நாலு கட்டம் போட்டு இரண்டு வண்ணத்தையும் இந்த நாலு பதத்தில் பூசிக் காயவையுங்கள். காய்ந்ததும் எல்லாம் ஒரு படி வெளுக்கும் என்பதை உங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்வீர்கள்.

காகிதம் 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு), சொரசொரப்பானது. மெல்லிய டிராயிங் தாள் சுருண்டுவிடும். 8-ஆம் எண் உருண்டைத் தூரிகை ஒன்று, 2-ஆம் எண் ஒன்று, ஒரு இன்ச் தட்டைத் தூரிகை ஒன்று. காகிதத்தின் நாலு ஓரத்தையும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

முதல் படம்: தேரியும் பனையும்

பென்சிலால் மூன்றே கோடு: தூரத்து அடிவானம், நடு மேடு, முன் மேடு. முன் மேட்டின் கோடு ஒரு பக்கம் சரிந்து இறங்கட்டும். மேற்கிலிருந்து அடிக்கிற காற்று குவித்த மேடு அது, கோபுரம் மாதிரி இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்தால் பொய்யாகத் தெரியும்.

வானத்துக்குக் கரியில் நீராகாரம். காகிதத்தை வெறும் தண்ணீரால் நனைத்து, தட்டைத் தூரிகையால் மேலிருந்து கீழே இழுத்து, அடிவானத்தை நெருங்கும்போது ஒன்றுமில்லாமல் விட்டுவிடுங்கள். காயட்டும். தூரத்து மேட்டுக்குச் சிவப்பில் மோர். அது காய்ந்த பிறகு நடு மேட்டுக்குக் கூழைத் தண்ணீராக்கி ஒரு பூச்சு. முன் மேட்டுக்கு முழுக் கூழ், பலகையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து. இங்கே ஒரு வேடிக்கை நடக்கும். கையால் அரைத்த மண்வண்ணத்தில் கனமான துகள்கள் காகிதத்தின் பள்ளங்களில் போய்த் தங்கும். காய்ந்ததும் மணல் மணலாகத் தெரியும். தூரிகையால் நோண்டாதீர்கள், மண் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

இனி பனை. புதிதாக வரைகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் தென்னையை வரைந்துவிட்டுப் பனை என்பார்கள். தென்னை ஓலை இறகு மாதிரி தொங்கும், பனை ஓலை விசிறி. தென்னை வளையும், பனை விறைப்பாக நிற்கும். ஆகவே முதலில் கரியில் பாகு எடுத்து நேர்க்கோடாக ஒரு தண்டு, அடியில் சற்றுத் தடிமனாக. தலையை ஒரு உருண்டையாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த உருண்டையின் நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் குட்டிக் குட்டி விசிறிகள், ஓரம் கூர்மையாக. இடையிடையே வானம் தெரியட்டும். தலைக்குக் கீழே காய்ந்த ஓலைகள், அதாவது காவோலைகள் தொங்குமே, அதற்குச் சிவப்பும் கரியும் கலந்த கூழ். இதைச் சேர்த்தால்தான் ஏறாமல் விட்ட பனை என்று பார்த்தவுடன் தெரியும். பனையேறி ஒழுங்காக ஏறுகிற மரத்தில் காவோலை கழித்திருப்பார்கள். ஒரே படத்தில் இரண்டு விதமும் வைத்துப் பாருங்கள்.

உடைமரம் சுலபம். விரித்த குடையின் மேல்விளிம்பு, கீழே நாலைந்து குச்சி. பனையேறிகளின் ஓலைக் குடிசையான விடிலி ஒன்றை நடு மேட்டில் சின்னதாக வைத்தால் மரங்களின் உயரம் புரியும். புல்லுக்குத் தூரிகை வேண்டாம். ஒரு பிடி பனந்தும்பை, அதாவது பனைநாரைக் கட்டி, நுனியில் பாகைத் தொட்டுக் கீழிருந்து மேலே வெடுக்கென்று இழுங்கள்.

நிழல் கடைசியில். சிவப்போடு கரி கலந்த மோர் பதத்தில், எல்லா நிழலும் ஒரே பக்கம், மேட்டின் வளைவோடு வளைந்து விழ வேண்டும். நிழலை நேராக இழுத்தால் மேடு தட்டையாகிவிடும்.

இரண்டாவது படம்: மணப்பாடு

கருமேனியாறு கடலில் சேரும் இடத்தில், மணல் குன்றின் மேல் 1581-இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில். கீழே ஊர், படகுகள், ஒரு பக்கம் அமைதியான நீர், மறுபக்கம் அலை. வரையப் பழகுகிறவர்களுக்கு இதைவிட வாகான இடம் எனக்குத் தெரிந்து இந்தக் கரையில் இல்லை.

நீலம் இல்லாமல் கடலா என்ற கேள்விக்கு வருவோம். சிரட்டைக் கரியை மோர் பதத்தில் தனியாகப் பூசினால் வெறும் சாம்பல் நிறம். அதன் பக்கத்தில் தேரிச் சிவப்பைப் பூசினால் அதே சாம்பல் நீலம் ஓடினது போலத் தெரியும். கண் செய்கிற வேலை இது. சூடான நிறத்தின் அருகில் இருக்கும் சாம்பல் அதற்கு எதிர்ப்பக்கம் சாயும். இரண்டும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. கரைக்கும் கடலுக்கும் நடுவில் அகலமாக வெள்ளை விட்டால் இந்த மாயம் பாதியாகக் குறைந்துவிடும்.

அடிவானக் கோட்டுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கடல் கோடு இம்மி சாய்ந்தாலும் தண்ணீர் கொட்டுகிற மாதிரி இருக்கும். டேப்புக்குக் கீழே கரியில் கூழ், கரையை நோக்கி வரவர மோர், பிறகு நீராகாரம். தூரிகையைப் படுக்கைவசமாகப் பிடித்து வேகமாக இழுத்தால் காகிதத்தின் மேடுகள் வெள்ளையாகத் தப்பும், அதுதான் வெயில் மினுக்கு. அலை நுரைக்கு வண்ணமே இல்லை, காகிதத்தை மெல்லிய கீற்றாக விட்டு வையுங்கள். கோயில் சுவரும் அப்படித்தான், சுற்றிலும் வானத்தைப் பூசினால் அது தானாக எழுந்து நிற்கும். குன்றுக்குச் சிவப்பில் மோர், நிழல் பக்கத்துக்குக் கரி கலந்தது. மணப்பாட்டு மணல் உண்மையில் தேரி அளவுக்குச் சிவப்பில்லைதான். கடல் நீலமாகத் தெரிய வேண்டுமே என்று நான் ஒரு சொட்டுக் கூட்டிப் போடுகிறேன், அந்த ஊர்க்காரர்கள் மன்னிக்கட்டும். படகுகளில் ஒன்றுக்கு மட்டும் பாகுச் சிவப்பு. இரண்டாவது படகுக்கும் போடக் கை துறுதுறுக்கும். போடாதீர்கள், ஒன்று இருந்தால்தான் கண் அங்கே போகும்.

நேரில் போய் உட்கார்ந்து வரைவதாக இருந்தால் ஆனி, ஆடியில் போகாதீர்கள். ஒருமுறை போனேன். அடித்த காற்றில் ஈரப் படத்தின் மேல் அசல் மணலே வந்து ஒட்டிக்கொண்டது. தை, மாசிக் காலைகள் நல்லது.

வேலை முடிந்ததும் சிப்பிகளை ஈரத்தோடு மூடிவைக்காதீர்கள், கிராம்புத் தைலத்தையும் மீறிப் பூஞ்சை வரும். ஒரு நாள் திறந்து காயவிட்டு டப்பாவில் போடுங்கள். டப்பாவை ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் வையுங்கள். தேன் சேர்த்திருக்கிறோம் அல்லவா, எறும்பு தேடி வந்துவிடும். என்னுடைய முதல் சிப்பியில் ஒரு ஓரம் முழுக்க அவை தின்றது போகத்தான் எனக்கு மிச்சம் கிடைத்தது.